செவிவழிச் செல்வம்

மறத்தல் மனித இயல்பு. மறவாமை மனிதன் முயன்று பெற்ற கலை. நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். திருக்குறளில் கேள்விக்கென ஓர் அதிகாரம் இருக்கிறது; பொச்சாவாமை என்னும் பெயரில் மறதியைக் கடிவதற்கும் ஓர் அதிகாரம் இருக்கிறது. ஆனால் மறவாதிரு என்று சொல்வது எளிது. மறவாதிருப்பது எப்படி என்பதுதான் கேள்வி. அச்சுப்பொறி இல்லாத காலத்தில், ஏடும் எழுத்தாணியும் எல்லார் கையிலும் இல்லாத காலத்தில், ஆயிரக்கணக்கான பாடல்களையும் கணக்கு முறைகளையும் கதைகளையும் இந்நாட்டு மக்கள் எவ்வாறு காத்தனர்? அவர்கள் கையாண்ட முறைகள் இன்று நமக்குப் பயன்படுமா? இவ்விரு கேள்விகளையும் சற்று ஆராய்வோம்.

தாயகத்தை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழ்கின்ற நமக்கு இது வெறும் பழங்கதை அன்று. நம் பிள்ளைகள் பள்ளியில் தேவநாகரியோ, வங்க எழுத்தோ, குஜராத்தி எழுத்தோ கற்கின்றனர். வீட்டில் தமிழ் பேசினாலும் அவர்களுள் பலருக்குத் தமிழ் எழுத்து வசப்படுவதில்லை. அத்தகைய பிள்ளைக்குத் தமிழ் செல்லக்கூடிய வாயில் செவி ஒன்றே. செவி வழியே சென்ற கல்வி நிலைக்குமா என்ற ஐயம் பெற்றோருக்கு எழுகிறது. இந்நாட்டு வரலாறு அந்த ஐயத்திற்கு விடை கூறுகிறது. எச்சரிக்கையும் கூறுகிறது.

முதலில் வேதத்தை எடுத்துக்கொள்வோம். ரிக் வேதத்தில் 1,028 சூக்தங்கள் உள்ளன. எழுத்தின் துணையை நாடாமல், ஆசிரியர் ஓத மாணவர் திருப்பி ஓதும் முறையிலேயே இவை மூவாயிரம் ஆண்டுகளுக்குக் குறையாமல் காக்கப்பட்டு வந்திருக்கின்றன. சொல் மட்டுமன்று, சொல்லின் ஏற்ற இறக்கமும் மாறாமல் வந்திருப்பதே வியப்பு. இதற்குக் காரணம் மாணவரின் அறிவுக் கூர்மை என்று மட்டும் எண்ணிவிடலாகாது; முறையின் கூர்மையே பெருங்காரணம்.

அம்முறையை நாமே அமைத்துக்கொண்ட ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். மழை, வயல், நெல் என்று மூன்று சொற்கள் இருப்பதாகக் கொள்வோம். இவற்றைத் தனித்தனியாக நிறுத்திச் சொல்வது பதபாடம். 'மழை வயல், வயல் நெல்' என்று இரண்டிரண்டாகத் தொடுத்துச் செல்வது கிரமபாடம். 'மழை வயல், வயல் மழை, மழை வயல்' என்று முன்னும் பின்னுமாகப் பின்னுவது ஜடை. 'மழை வயல், வயல் மழை, மழை வயல் நெல், நெல் வயல் மழை, மழை வயல் நெல்' என்று மூன்று சொற்களையும் அடர்த்தியாக முறுக்குவது கனம். மூன்றே சொற்களை நிலைநிறுத்தப் பதின்மூன்று சொற்கள் சொல்லப்படுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். கனம் முழுவதையும் தேர்ந்தவரைக் கனபாடிகள் என்று நாம் மரியாதையுடன் அழைக்கிறோம்.

இந்தப் பின்னலால் விளையும் பயன் யாது? ஒரு சொல் விடுபட்டாலும், இரண்டு சொற்கள் இடம் மாறினாலும், அடுத்த முறுக்கில் பிழை தானே வெளிப்பட்டுவிடும். வணிகர் வரவையும் செலவையும் இருபுறம் எழுதிச் சரிபார்ப்பதைப் போன்றது இது. வெறுமனே பலமுறை சொல்வது வேறு, பிழை நேர்ந்தால் காட்டிக்கொடுக்கும்படி சொல்வது வேறு. கேரளத்தில் கடவல்லூர்க் கோயிலில் திருநாவாய், திருச்சூர் ஆகிய இரு வேதபாடசாலைகளின் மாணவர்கள் ஒருவரையொருவர் சோதிக்கும் அன்னியோன்னியம் என்னும் போட்டியும் இந்த நோக்கத்தில் எழுந்ததே. வேதம் ஓதும் மரபை யுனெஸ்கோ நிறுவனம் 2003ஆம் ஆண்டில் மனிதகுலத்தின் அரிய மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது.

இம்மரபின் குறையையும் மறைக்காமல் கூறுவது நம் கடமை. இந்த நினைவுக் களஞ்சியத்தின் திறவுகோல் சிலரிடமே இருந்தது. பிறப்பால் பலருக்கும், பெண்டிர் அனைவருக்கும் அது பல நூற்றாண்டுகள் மூடப்பட்டிருந்தது. காக்கும் திறம் உயர்ந்தது. பகிர மறுத்தது உயர்ந்ததன்று.

நினைவை மட்டுமே நம்பியிருப்பதில் இன்னோர் இடரும் உண்டு. நூலைச் சுமந்தவர் மறைந்தால் நூலும் மறையும். பௌத்தர்கள் தங்கள் திருமறைகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் பாணகர் என்னும் ஓதுவோரை நியமித்திருந்தனர். சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும் அறிவார்ந்த ஏற்பாடு அது. எனினும் இலங்கையில் பஞ்சமும் போரும் நேர்ந்து ஓதுவோர் தொகை குறைந்தபோது, கி.மு. முதலாம் நூற்றாண்டில் அலுவிகாரையில் பாலி மறைகளை ஏட்டில் எழுதி வைக்க நேர்ந்தது. சமணருக்கும் இதே அனுபவம் உண்டு. குஜராத்திலுள்ள வலபியில் கி.பி. ஐந்தாம் நூற்றாண்டளவில் தேவர்த்திகணி என்பாரின் தலைமையில் சுவேதாம்பர ஆகமங்கள் எழுதி வைக்கப்பட்டன. அதற்குள் சில நூல்கள் அழிந்துபோயின என்று அவர்களே கூறுவர். இதற்கிடையில், கி.பி. 399இல் சீனத்தை விட்டுப் புறப்பட்ட பாஹியான், பிக்குகளின் ஒழுக்க நூலைத் தேடி வட இந்தியாவில் அலைந்தார். பல இடங்களில் அது வாய்மொழியாகவே கற்பிக்கப்பட்டதால் படியெடுக்க ஏடு கிடைக்கவில்லை. பாடலிபுத்திரத்தில்தான் அவருக்கு அது கிடைத்தது.

நினைவு அழியலாம், ஏடு மட்டும் அழியாதோ? அதுவும் அழியும். நம்பியாண்டார் நம்பி தேவாரத்தைத் தேடித் தில்லைக்குச் சென்றபோது ஏடுகளிற் பெரும்பகுதியைக் கறையான் அரித்துவிட்டிருந்ததாகத் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. எஞ்சிய பதிகங்களுக்குப் பண் தெரியவில்லை. எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியிடமிருந்து பண்கள் பெறப்பட்டன என்று அப்புராணம் மேலும் சொல்கிறது. கறையான் தின்ற ஏட்டின் இசையை ஒரு பெண்ணின் நினைவு மீட்டுத் தந்தது என்பது நாம் பெருமையுடன் எண்ணத்தக்க செய்தி.

நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தின் வரலாறும் இத்தகையதே. நாதமுனிகள் ஒருநாள் சில யாத்திரிகர் பத்துப் பாசுரங்களைப் பாடக் கேட்டார். கடைசிப் பாசுரம், அவை ஆயிரத்துள் பத்து என்று தானே கணக்குச் சொன்னது. அப்படியாயின் மற்றவை எங்கே என்று அவர் தேடத் தொடங்கினார் என்று வைணவ குருபரம்பரை கூறும். பாடலின் இறுதியில் பாடியவர் பெயரையும் ஊரையும் பாடல்களின் எண்ணிக்கையையும் வைப்பது வெறும் சம்பிரதாயமன்று. எத்தனை இருந்தன, எத்தனை தொலைந்தன என்று காட்டும் முத்திரை அது. அன்றியும், திருவாய்மொழியின் 1,102 பாசுரங்களும் அந்தாதியாக அமைந்தவை. ஒரு பாசுரத்தின் முடிவு அடுத்த பாசுரத்தின் தொடக்கத்தை நாவிற் கொண்டுவந்து தரும். இடையில் ஒன்று விடுபட்டால் சங்கிலி அறுந்தது உடனே தெரியும். எதுகையும் மோனையும் செவிக்கு இனிமை தருவதோடு அடுத்த சொல்லுக்கு வழிகாட்டியாகவும் நிற்கின்றன. நம் செய்யுள் இலக்கணத்தின் ஒரு பாதி அழகுக்கானது. மறுபாதி நினைவுக்கானது என்று சொன்னால் மிகையாகாது.

பாடல்கள் மட்டுமல்ல, எண்களும் சொற்களாக மாறி நினைவிற் குடியேறின. கடபயாதி என்னும் முறையில் வடமொழி மெய்யெழுத்துகளுக்கு எண் மதிப்புத் தரப்பட்டது. க, ட, ப, ய ஆகிய நான்கும் ஒன்று என்னும் எண்ணைக் குறிப்பதால் இப்பெயர் வந்தது. கருநாடக இசையின் 72 மேளகர்த்தா இராகங்களின் பெயர்களில் இம்முறையை நாம் நாள்தோறும் கேட்கிறோம், ஆனால் கவனிப்பதில்லை. கல்யாணி இராகத்திற்கு மேசகல்யாணி என்று ஏன் பெயரிட்டனர்? 'ம' ஐந்து, 'ச' ஆறு. இம்முறையில் எண்களைத் திருப்பிப் படிக்க வேண்டும். ஆகவே அறுபத்தைந்து, கல்யாணி 65ஆவது மேளம். சங்கராபரணம் தீரசங்கராபரணம் ஆனதும் அவ்வாறே. 'தீ' என்பதிலுள்ள மெய் ஒன்பது, 'ர' இரண்டு, திருப்பினால் 29. தோடி ஹனுமத்தோடி ஆகி எட்டாவது இடத்தைக் காட்டுகிறது. மாதுங்காவிலோ கரோல்பாகிலோ கச்சேரி கேட்கும் நேயர்கள் அடுத்த முறை இராகத்தின் பெயரைக் கேட்டவுடன் அதன் எண்ணைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பெயரே அட்டவணையாக விளங்குவதைக் காண்பார்கள்.

இதே கலை வானநூலிலும் பயன்பட்டது. ஆரியபடர் முக்கோணக் கணக்குக்கு வேண்டிய 24 எண்களை ஒரே சுலோகத்தில் அடக்கினார். தமிழகத்தில் வாக்கியப் பஞ்சாங்கம் கணிப்போர், சந்திரனின் நிலையைக் குறிக்கும் 248 வாக்கியங்களை மனனம் செய்திருந்தனர். 1825ஆம் ஆண்டில் சென்னையில் வெளியான 'காலசங்கலிதம்' என்னும் ஆங்கில நூலில், ஜான் வாரன் என்பவர் புதுச்சேரியில் தாம் கண்ட ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைப் பற்றி எழுதியுள்ளார். அக்கணிதர் எழுதாமல், தரையில் சோழிகளைப் பரப்பி, அட்டவணைகளை நினைவிலிருந்தே சொல்லிச் சந்திரகிரகணத்தைக் கணித்துக் காட்டினார். வாரன் இதை வியந்தார். ஆயினும் அக்கணக்கின் அடிப்படைக் கொள்கை அவருக்குத் தெரியவில்லை என்றும் குறிப்பிட்டார். இக்குறிப்பு சிந்தனைக்குரியது. நினைவு கிரகணத்தைச் சொல்லித் தந்தது. ஏன் கிரகணம் என்று சொல்லித் தரவில்லை.

திண்ணைப் பள்ளிக்கூடங்களும் இந்த வழியிலேயே நடந்தன. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினர். எழுதும்போதே உரக்கச் சொல்லினர். கையும் கண்ணும் நாவும் செவியும் ஒருசேரப் பாடத்தைப் பற்றின. எண்சுவடியில் முழு எண்கள் மட்டுமல்லாமல், கால், அரைக்கால், மா, காணி, முந்திரி என்னும் கீழ்வாய் எண்களின் வாய்பாடுகளும் இருந்தன. முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. நெல்லளக்கும் களத்திலும் நிலம் அளக்கும் வயலிலும் காகிதம் தேடாமல் கணக்குச் சொல்ல அப்பயிற்சி உதவிற்று. மாலையில் வீட்டுக்குப் புறப்படும் பிள்ளைகளுக்கு ஆசிரியர் ஒரு பூ, ஒரு பறவை, ஒரு விலங்கு, ஓர் ஊர் என்று பெயர்கள் சொல்லி அனுப்புவதும், மறுநாட் காலையில் அவற்றைத் திருப்பிக் கேட்பதும் வழக்கமாயிருந்தன. மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குப் பாடம் சொல்லித் தருவான். சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்டுரூ பெல் என்னும் பாதிரியார், மணலில் எழுதிக் கற்கும் நம் நாட்டு முறையைக் கண்டு கையாண்டார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அங்கு வளர்த்தார். அதனை 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயருடன் அது இங்கிலாந்தில் பரவிற்று.

கல்லாதவர் என்று நாம் எண்ணுவோரும் இக்கலையில் பின்தங்கியவரல்லர். இராஜஸ்தானத்தில் போபா என்னும் நாட்டுப்புறப் பாடகர், பாபுஜியின் வீரக்கதையை வரைந்த நீண்ட துணிச்சித்திரத்தை இரவில் விரித்து வைத்து, இராவணஹத்தா என்னும் நரம்புக் கருவியை இசைத்துப் பாடுவார். அவர் மனைவி விளக்கை ஏந்தி, பாடும் நிகழ்ச்சிக்குரிய படத்தின்மேல் ஒளி காட்டுவார். படத்தின் ஒவ்வோர் இடமும் கதையின் ஒரு பகுதியை நினைவூட்டும். பழைய கிரேக்கரும் ரோமரும் ஒரு மாளிகையை மனத்தில் எழுப்பி, அதன் ஒவ்வோர் அறையிலும் ஒரு பொருளை வைத்து நினைவிற்கொண்ட கலைக்கு இது உறவானது. சத்தீஸ்கரின் பாண்டவானிக் கலைஞர் தீஜன் பாய், பள்ளிப் படிப்பு வாய்க்காதவர். தாய்வழிப் பாட்டனார் பாடக் கேட்டே பாரதக் கதையைக் கற்றார். பெண்கள் அமர்ந்தே பாட வேண்டும் என்றிருந்த காலத்தில் எழுந்து நின்று பாடினார். 2019ஆம் ஆண்டில் அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது.

நினைவுக்கலையின் சிகரமாகப் பலரும் கருதுவது அவதானம். ஆந்திர நாட்டில் அட்டாவதானம் செய்பவரைச் சுற்றி எண்மர் அமர்வர். ஒருவர் ஈற்றடி தந்து பாட்டை முடிக்கச் சொல்வார். ஒருவர் சில சொற்களைத் தந்து அவை வரப் பாடச் சொல்வார். ஒருவர் இன்ன எழுத்து வரலாகாது என்று தடுப்பார். ஒருவர் பொருந்தாத பேச்சுப் பேசிக் கவனத்தைக் கலைப்பார். இடையிடையே மணி ஒலிக்கும், அதன் எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும். சுற்றுக்கு ஓர் அடியாகப் பாடல்களை இயற்றி, முடிவில் எல்லாவற்றையும் முழுமையாகச் சொல்ல வேண்டும். திருப்பதி வேங்கட கவிகள் என்னும் இரட்டையர் தெலுங்கில் இதனால் பெரும்புகழ் பெற்றனர். தமிழில் நாகர்கோவிலையடுத்த இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907ஆம் ஆண்டில் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களில் கவனம் செலுத்தும் சதாவதானம் செய்து காட்டினார். இசுலாமியராகிய அப்புலவரின் கம்பராமாயணப் புலமை தமிழ்கூறும் நல்லுலகம் அறிந்தது.

மும்பையில் 1887ஆம் ஆண்டில் சதாவதானம் செய்து புகழ்பெற்ற ராய்சந்த்பாயின் கதை வேறொரு பாடத்தைச் சொல்கிறது. 1891இல் இங்கிலாந்திலிருந்து திரும்பிய காந்தியடிகள் அவரைச் சந்தித்தார். தமக்குத் தெரிந்த ஐரோப்பிய மொழிச் சொற்களையெல்லாம் சொல்லி, அவற்றைத் திருப்பிச் சொல்லக் கேட்டார். ராய்சந்த்பாய் அதே வரிசையில் சொன்னார். அத்திறமை தம்மை மயக்கவில்லை. அவருடைய சாத்திர அறிவும் மாசற்ற ஒழுக்கமுமே தம்மை ஈர்த்தன என்று அடிகள் தம் சுயசரிதையில் எழுதினார். ராய்சந்த்பாயும் அவதானக் காட்சிகளைக் கைவிட்டு ஆன்ம விசாரத்தில் ஈடுபட்டார். நினைவு ஒரு பாத்திரம்; அதில் எதை வைக்கிறோம் என்பதே முதன்மையானது.

இக்கால ஆய்வாளர் இம்முறைகளைப் பற்றி என்ன சொல்கின்றனர்? ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் 1885இல் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி, கற்றவற்றிற் பெரும்பகுதி முதல் நாளிலேயே மறக்கப்படுகிறது என்று கண்டார். ஒரே நாளில் பலமுறை படிப்பதைவிட, அதே முயற்சியைப் பல நாட்களுக்குப் பகிர்ந்து படிப்பது மேலான பயன் தரும் என்றும் கண்டார். 2006இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு, பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவரைவிட, படித்ததைப் பாராமல் நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்த்தவரே ஒரு வாரத்திற்குப் பின் மிகுதியாக நினைவிற் கொண்டிருந்தனர் என்று காட்டிற்று. திண்ணைப் பள்ளி ஆசிரியர் பூவின் பெயரை மறுநாட் காலையில் கேட்டது இக்கருத்துடன் ஒத்திருப்பதைக் காண்கிறோம்.

ஆயினும் திண்ணைப் பள்ளியை அப்படியே மீட்டுக்கொணர வேண்டும் என்று நாம் கூறவில்லை. அங்கே பிரம்பும் இருந்தது. பொருள் அறியாமல் ஒப்பிக்கும் வழக்கமும் இருந்தது. புதுச்சேரிக் கணிதரின் கதையை நாம் மறக்கலாகாது. பொருளோடு கூடிய மனனமே கல்வி. பொருளற்ற மனனம் சுமை. ஆனால் மனனமே வேண்டாம் என்று ஒதுக்குவதும் தவறு. மனத்தில் ஒன்றும் இல்லாதவன் எதைக் கொண்டு சிந்திப்பான்? உற்றாரின் தொலைபேசி எண்ணையும் கைப்பேசியிடம் ஒப்படைத்துவிட்ட நமக்கு இக்கேள்வி பொருத்தமானதே.

ஆகவே, இவ்வரலாற்றிலிருந்து வெளிமாநிலத்துத் தமிழ்க் குடும்பங்கள் எடுத்துக்கொள்ளத்தக்கவை நான்கு. சிறிதளவே கொடுத்து அதன் பொருளை முதலிற் சொல்லுதல் ஒன்று. உரக்க, இசையோடு சொல்ல வைத்தல் இரண்டு. மறுநாளும், மூன்றாம் நாளும், வாரம் கழித்தும் ஏட்டைப் பாராமல் கேட்டல் மூன்று. கற்ற பிள்ளையைக் கொண்டே தம்பிக்கும் தங்கைக்கும் கற்பிக்கச் செய்தல் நான்கு. வாரம் ஒரு குறள் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு ஐம்பதுக்குக் குறையாது. பத்தாண்டில் ஐந்நூறு. எழுத்துப் பின்னர் வரட்டும். நாவிற் பழகிய சொல்லைக் கண்ணால் அடையாளம் காண்பது எளிது.

எழுத்தையும் நாம் கைவிடலாகாது. வலபியும் அலுவிகாரையும் கற்பித்த பாடம் அதுவே. பாட்டியின் தாலாட்டையும் தாத்தா சொல்லும் ஊர்க்கதையையும் எழுதி வைப்போம். ஒலிப்பதிவும் செய்து வைப்போம். ஆனால் பதிவுக்கருவியில் இருப்பதால் மட்டும் ஒரு பாட்டு உயிருடன் இருப்பதாகாது. எருக்கத்தம்புலியூர்ப் பெண்மணியிடம் பண் இருந்தது. தேடிச் சென்று கேட்டவர்களும் இருந்தனர். அதனால் தேவாரம் இன்றும் பாடப்படுகிறது. இன்று மாலை நம் வீட்டில் சொல்பவர் ஒருவரும் கேட்பவர் ஒருவரும் இருப்பாராயின், அந்த மரபு நம் இல்லத்திலும் தொடரும்.